நாற்காலி வீடியோவுக்குக் கீழே

நான் இரண்டு முறை ஓய்வு பெற்றவள். முதல் முறை செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லின் அலுவலகத்திலிருந்து. மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் முறை எங்கள் இலஞ்சி வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து. மரத்தூள் நெஞ்சில் ஏறிவிட்டது, இனி ரம்பம் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த இரண்டு ஓய்வுக்கும் நடுவில்தான் அந்த ஷெட்டில் சாமான்கள் செய்து வீடியோவாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்த நீங்கள் சிலர் எங்கள் வீட்டுக்கும் வந்தீர்கள். எல்லோரும் மரவேலைச் சேனல் நடத்துகிறவர்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், ரம்பச் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று பேச்சு போனது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். கிளம்பும்போது உங்களில் ஒரு பெண், "எங்களுக்குன்னு சொல்ல ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டாள். சாரல் வலுத்து, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் சிரித்து அனுப்பிவிட்டேன். சொல்ல ஒன்று இருக்கிறது. நின்றபடி சொல்லக்கூடியது இல்லை அது.

எங்கள் சேனலில் வேலை செய்தது நான், போனைப் பிடித்தது என் வீட்டுக்காரர். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர், ஓடுகிற வண்டியில் விழாமல் நின்று பழகிய ஆள் என்பதால் கை ஆடாது. அஞ்சறைப்பெட்டி, சுவரில் மடக்குகிற மேஜை, செருப்பு வைக்கிற தட்டு என்று மில்லில் கிடைக்கிற துண்டுத் தேக்கில் ஏதாவது செய்வோம். ஒரு முறை தெருநாய் போட்ட குட்டிகளுக்கு ஓடு வேய்ந்தது போல ஒரு வீடு செய்தோம். அதை நிறையப் பேர் பார்த்தார்கள்.

அந்த நாய்க்குட்டி வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சுரண்டையிலிருந்து முத்துலெட்சுமி வந்தாள். முப்பது வயதுக்குள் இருப்பாள். இடுப்பில் ஆறு வயதுப் பையன். தலை அவள் தோளில் சரிந்து கிடந்தது, கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னியிருந்தன. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்ததும் முதலில் பையனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

"இவன் கண்ணன்க்கா. மூளையில வந்த வாதம்னு சொல்லுதாங்க. பிளாஸ்டிக் சேர்ல வச்சா சரியுதான், தலையாணி வச்சாலும் வழுக்குதான். படுத்தே கிடக்கான். சோறு ஊட்டுனா புரையேறுது." கொஞ்ச நேரம் ஷெட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாய்க்குட்டிக்கெல்லாம் வீடு செஞ்சு போட்டியள. எம்பிள்ளைக்கு உக்கார ஒண்ணு செஞ்சு தருவியளா?"

அவள் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்: "செஞ்சிருவோம்மா."

எனக்கு அது பற்றி ஒன்றும் தெரியாது. தென்காசியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாவைத் தேடிப் போனோம். எங்கே தாங்க வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது, பட்டை இடுப்பில்தான் விழ வேண்டும், நெஞ்சில் ஏறவே கூடாது என்று அவர் பையனை மடியில் வைத்தே காட்டினார். முதலில் செய்த நாற்காலி தோற்றது. அடுத்ததில் அவன் அழுதான். அதற்கடுத்ததில் உட்காரவைத்து, பட்டையைப் பூட்டி, சோற்றுத் தட்டு வைக்கிற முன்பலகையை மாட்டினோம். கண்ணன் தலையைத் தூக்கி, எதிரே நின்ற அம்மாவை நேருக்கு நேராகப் பார்த்தான். அதுவரை அவளைக் கீழேயிருந்து மட்டுமே பார்த்தவன். என்ன தோன்றியதோ, சத்தமாகச் சிரித்தான். விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தான். முத்துலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரரின் கை ஆடியது அந்த ஒரு வீடியோவில்தான்.

அவள் சம்மதத்தோடு அந்தச் சிரிப்பையும் சேர்த்தே போட்டோம். பயிற்சி அம்மா சொன்னதையெல்லாம் அவர் குரலிலேயே வைத்தோம். அவரவர் பிள்ளையைக் காட்டி அளவு எடுக்காமல் செய்ய வேண்டாம் என்றும் அதில் சொல்லியிருந்தார்.

நான் சொல்ல வந்தது நாற்காலியைப் பற்றி இல்லை. அதற்குக் கீழே நடந்ததைப் பற்றி.

எந்த வீடியோவுக்குக் கீழும் "சூப்பர்", "அருமை" என்று எழுதுவார்கள். இதற்குக் கீழே அம்மாக்கள் வந்தார்கள். முதலில் என்னிடம் கேட்டார்கள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு ஒருத்தி கேட்பதற்கு இன்னொருத்தி பதில் எழுத ஆரம்பித்தாள். பட்டைக்குப் பழைய பள்ளிக்கூடப் பையின் வார் நன்றாக இருக்கும் என்று ஒருத்தி. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முதுகு பிடிக்காமல் இருக்க எப்படிக் குனிவது என்று ஒருத்தி. கல்யாண வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் பேசினார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒரு அப்பா மட்டும் நடுவில் வந்து, "நானும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று எழுதிவிட்டுப் போவார்.

யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது. பெரும்பாலும் சொந்தப் பெயரும் கிடையாது. பிள்ளையின் பெயரைப் போட்டு, அதோடு அம்மா என்று வைத்துக்கொண்டார்கள். முத்துலெட்சுமி அங்கே கண்ணன் அம்மா. அவளோடு அதிகம் பேசியவள் நிலா அம்மா என்று ஒருத்தி. ஊர் சொன்னதில்லை. பக்கத்து ஆசாரியிடம் வீடியோவைக் காட்டி, பிள்ளையையும் காட்டி நாற்காலி செய்துகொண்டவள். நிலா இன்று கஞ்சி குடித்தாள், இன்று கிளியைப் பார்த்தாள் என்று எழுதுவாள். சில நாள், "இன்னைக்கு மனசு சரியில்லை, யாராவது பேசுங்க" என்று மட்டும் எழுதுவாள். உடனே நாலைந்து பேர் வந்துவிடுவார்கள்.

நான் காலையில் காப்பியோடு உட்கார்ந்து அதையெல்லாம் படிப்பேன். பெரும்பாலும் பதில் எழுத மாட்டேன். அது என் இடம் இல்லை என்று எப்போதோ ஆகிவிட்டிருந்தது. அவர்கள் கூடிய வீட்டுக்கு நான் சொந்தக்காரி, அவ்வளவுதான்.

ஒரு நாள் நிலா அம்மா எழுதியிருந்தாள்: "நிலாவுக்குச் சளி இறங்கவே இல்லை. மூச்சு விடுறப்போ விலா உள்ள போகுது. பயமா இருக்கு." முத்துலெட்சுமி அதற்குக் கீழே, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கண்ணனுக்கு இப்படித்தான் வந்தது என்று எழுதினாள். நிலா அம்மா, "கொண்டு போறோம். போயிட்டு வந்து சொல்லுதேன்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் நான் திறந்தபோது வீடியோ இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. குழந்தை இருக்கிற வீடியோ என்பதால் கருத்துப் பகுதி மூடப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. எழுதினதெல்லாம் போய்விட்டது.

விதியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். குழந்தைகள் இருக்கிற வீடியோக்களுக்குக் கீழே வந்து எழுதக் கூடாததை எழுதுகிற ஆட்கள் உண்டு. அதைத் தடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீடியோவுக்குக் கீழே யார் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

என் வீட்டுக்காரர் தெரிந்த இங்கிலீஷில் அவர்களுக்கு எழுதினார். பதில் வந்தது. குழந்தை தெரிகிற பகுதிகளை நீக்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லி விண்ணப்பித்தால், கருத்துப் பகுதி திறக்கப்பட வாய்ப்பிருக்கிறது. பழையதும் திரும்பி வரலாம். உறுதி சொல்ல முடியாது.

"வெட்டிருவோம்" என்றார் அவர். "இன்னைக்கே வெட்டிருவோம். அந்தப் பிள்ள ஆஸ்பத்திரியில கிடக்கு. அது அம்மா வந்து தேடும்லா."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் அது கண்ணனின் முகம். முத்துலெட்சுமியைக் கேட்காமல் கை வைக்க மனம் வரவில்லை. போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "நேர்ல வாரேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானமே வந்தாள். பையனையும் தூக்கி வந்திருந்தாள். அவனை எங்கள் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கொழுந்தனார் கல்யாணத்துல குடும்பமா போட்டோ எடுக்கையில, பிள்ளைய உள்ள விட்டுட்டு வான்னுட்டாங்கக்கா. அழுவான், படத்தைக் கெடுத்துருவான்னு. உள்ள கொண்டு போட்டுட்டு வந்து நின்னேன். அந்தப் படம் நடுவீட்டுல மாட்டியிருக்கு, அதுல இவன் கிடையாது. நீங்க வீடியோ போட்ட பொறவு அதே ஆளுங்க, எங்க கண்ணன்லா இவன்னு எல்லாருக்கும் போன்ல காட்டுதாங்க. இப்போ நீங்களும் உள்ள போட்டுட்டு வான்னு சொல்லுதியளா?"

என் வீட்டுக்காரர் மெதுவாகத்தான் சொன்னார்: "அப்பிடி இல்லம்மா. இவனுக்குப் போறது முகம் மட்டுந்தான. அந்தப் பிள்ளைக்கு மூச்சே முட்டுதுன்னு எழுதியிருக்கா."

"தெரியும் அண்ணாச்சி. அவகிட்டப் பேசினதே நான்தான. நேத்துலேருந்து எனக்குச் சோறு இறங்கல. நீங்க வெட்டணும்னா வெட்டுங்க. உங்க வீடியோ. ஆனா என்னைச் சரின்னு சொல்லச் சொல்லாதிய. நான் சொல்ல மாட்டேன்."

கட்டிலில் கண்ணன் எங்கள் குரலைக் கேட்டு முனகிக்கொண்டிருந்தான். வெளியே அருவிக்குப் போகிற வேன்களின் சத்தம். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

நம் வேலையில் அவசரமாக முடிவெடுக்க வேண்டி வருவது பெரும்பாலும் பலகை விஷயம். தப்பாக அறுத்தால் இன்னொரு பலகை எடுத்துக்கொள்ளலாம். அன்று எனக்கு எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். இன்னொரு அம்மா எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள், அவளுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. எதிரே இருக்கிறவளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, தெரியாதவளுக்காக அவள் பிள்ளையை வெட்ட என்னால் முடியவில்லை. வெட்டவில்லை.

வேறு வழி தேடினோம். அன்றே ஷெட்டில் வெறும் நாற்காலியை மட்டும் வைத்து ஒரு சின்ன வீடியோ எடுத்தோம். "நாற்காலி அம்மாக்கள் எல்லாரும் இங்க வாங்க, இதுக்குக் கீழே பேசலாம்" என்று நான் சொன்னேன். ஒவ்வொருத்தராக வந்தார்கள். வளைகுடா அப்பா வந்தார். பழைய பேச்செல்லாம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்கள், தெரிந்ததை மறுபடி எழுதினார்கள். எல்லோரும் நிலா அம்மா எங்கே என்று கேட்டார்கள். முத்துலெட்சுமி தினமும் காலையில், "நிலா அம்மா, வந்தா ஒரு வார்த்தை எழுதுங்க" என்று போட்டுக்கொண்டே இருந்தாள். சாரல் ஓய்ந்தது, ஐப்பசி மழை வந்து போனது. அவள் வரவில்லை.

பொங்கல் கழிந்து எனக்கு ஒரு போன் வந்தது. எங்கள் சேனலில் சாமான் வேண்டுகிறவர்களுக்காக ஒரு நம்பர் போட்டிருந்தோம், அதற்கு வந்தது. பெண் குரல், தயங்கித் தயங்கிப் பேசியது.

"வீடியோ போடுத அக்காவா? உங்க மாடல் நாற்காலி ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. அதைப் பிரிக்கணும். எனக்குத் தெரியல. எப்பிடிப் பிரிக்கணும்னு வீடியோ எதுவும் போட்டிருக்கியளா?"

நான் இத்தனை வருஷத்தில் சேர்ப்பதைத்தான் காட்டியிருக்கிறேன். பிரிப்பதை யாரும் கேட்டதில்லை. எதற்காகப் பிரிக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் புரிந்துவிட்டது.

"நீங்க நிலா அம்மாவா?" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள்.

அவள் ஊர் திருவேங்கடம். இதே மாவட்டம். நாங்கள் முகம் தெரியாதவள், எங்கோ இருப்பவள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் சங்கரன்கோவில் தாண்டி, பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருந்தாள். முத்துலெட்சுமியிடம் சொன்னேன். அவள் கண்ணனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் எப்படிப் போவேன் என்றாள். நானும் என் வீட்டுக்காரரும் அவளுமாகப் போனோம். ஸ்குரூ டிரைவர், கொறடு, சுத்தியல் எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டேன்.

அவள் பெயர் செல்வி. கரிசல் காட்டில் சொந்தமாகக் கொஞ்சம் பருத்தி, அதில் புருஷனும் பெண்டாட்டியும் பாடுபடுகிறவர்கள். ஒல்லியான பெண், வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே ஜன்னல் பக்கமாக நாற்காலி இருந்தது. ஊர் ஆசாரி வேப்பம்பலகையில் செய்தது, கொஞ்சம் கனம். பூப்போட்ட துணியில் மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். கை வைக்கிற இடத்தில் பலகை தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது.

நிலா அந்த வாரமே ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அங்கன வச்சு உங்க வீடியோவைத் திறந்தேன். சொல்லணும்னு. உங்ககிட்டல்லாம்தான் சொல்லணும்னு தோணுச்சு. எழுதுத இடத்தைக் காணல. என் போன்தான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். அடுத்த கட்டில்காரங்க போன்லயும் பாத்தேன். அதுலயும் இல்ல."

"ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா" என்றார் என் வீட்டுக்காரர். "நம்பர் போட்டிருந்தமே."

"இருந்துச்சுண்ணாச்சி. போன் போட்டு முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட என்னன்னு ஆரம்பிக்க? அங்கன்னா ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேன். பொறவு யார்ட்டயும் சொல்லல. இங்கன உள்ளவங்க, அதுக்கும் உனக்கும் விடுதலைன்னுட்டாங்க. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

புது வீடியோ போட்டதை அவள் பார்க்கவில்லை. சேனலில் புதிதாக வந்த எதையும் அவள் பார்க்கவில்லை. பழையதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் முத்துலெட்சுமியை நிமிர்ந்து பார்த்து, "நீங்க கண்ணன் அம்மாதான?" என்று கேட்டாள். முத்துலெட்சுமி தலையாட்டினாள். "எழுத முடியாட்டியும் அவன் சிரிக்கதை தினம் ஒருக்கா போட்டுப் பாப்பேன். நிலாவும் முதல்தடவை உக்காந்தப்போ அப்பிடித்தான் சிரிச்சா. எங்கிட்ட அவ வீடியோ கிடையாது."

முத்துலெட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வெட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேச ஆள் இருந்திருக்கலாம். வெட்டாததால் அந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தது. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிக்கட்ட முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் அடுத்தவர் போனை இரவல் வாங்கி எங்களைத் தேடியிருக்கிறாள். நாங்கள் அங்கே இல்லை. அதை நினைக்காமல் நான் எந்த வீடியோவையும் திறந்ததில்லை.

நாற்காலியைப் பிரித்தேன். ஸ்குரூ கழன்றுவிட்டது. ஆனால் ஆசாரி எங்கும் ஆடக் கூடாதென்று பசையும் வைத்து ஆணியும் அடித்திருந்தார். வேறு சாமானாக இருந்தால் தட்டி உடைத்திருப்பேன். இதை ஒரு பலகைகூடப் பிளக்காமல் எடுக்க வேண்டும் என்று மெதுவாகச் செய்தேன். மறுபக்கத்தைச் செல்வி பிடித்துக்கொண்டாள். முன்பலகையைக் கழற்றியதும் வாங்கித் தன் முந்தானையால் துடைத்தாள், ஓரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த சோற்றை மட்டும் துடைக்காமல் விட்டாள். என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

எல்லாம் பலகையாகி, சுவர் ஓரமாகச் சாத்திய பிறகு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முத்துலெட்சுமி அந்த வெறும் தரையில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினாள். செல்வி உட்கார்ந்தாள்.

"சளி கட்டினப்போ ஆவி பிடிக்க விட்டாளா?" என்று கேட்டாள் முத்துலெட்சுமி.

"எங்க விட்டா. மூஞ்சியத் திருப்பிக்கிடுவா."

"கண்ணனும் அப்பிடித்தான்."

நாங்கள் இருவரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே பேச்சு போய்க்கொண்டே இருந்தது. ஒரு பஸ் போயிற்று, அடுத்ததும் போயிற்று. "கூப்பிடட்டா?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். நீங்கள் போடுகிற வீடியோவுக்குக் கீழே யாராவது கூடிப் பேச ஆரம்பித்தால், அது மூடிப்போவதற்கு முன்பே அவர்கள் ஊரையும் பேரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொந்தரவு என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன். அன்று அந்தத் தரையில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசிய பேச்சு, ஆறு மாதம் முன்னால் நடந்திருக்க வேண்டியது.